அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய எங்கள் பார்மசி.
தை மாதக் காற்று ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில்
கட்டுநாயக்காவிலிருந்து லீவில் வந்தவள்
கவுண்டரில் இரண்டு குப்பிகளை வைத்தாள்.
ஒன்று கொழும்பில் வாங்கியது, நாலாயிரத்து எண்ணூறு.
மற்றது எங்கள் தட்டிலேயே எடுத்தது, ஆயிரத்து நூற்றைம்பது.
ஒன்றில் ஹையலூரோனிக் அமிலம்.
மற்றதில் சோடியம் ஹையலூரோனேட்.
"ரெண்டும் ஒன்னா அக்கா?"

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு
எனக்குச் சாதாரண சித்திதான்.
யாராவது ஒருநாள் இதைக் கேட்கட்டும் என்று
அதை இத்தனை நாள் வைத்திருந்தேன் போல.

நீளமான சங்கிலி, என்றேன்.
சர்க்கரைக் கண்ணிகள், ஆயிரக்கணக்கில்.
ஒன்றுவிட்ட கண்ணியில் ஓர் ஐதரசன்
இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்தால் அமிலம்.
அது இறங்கிய சீட்டில்
சோடியம் வந்து உட்கார்ந்தால் உப்பு.
பஸ் அதே பஸ்.

அமிலம் என்றதும் விரலை இழுத்துக்கொண்டாள்;
பெற்றரித் தண்ணி அவளுக்குத் தெரியும்.
உப்பு என்றதும் சிரித்தாள்.
உப்பு என்றால் அட்டை.
மழைக்காலத்தில் மலைக்குப் போகும் அம்மா
இடுப்பில் முடிந்துகொண்ட உப்பு;
பட்டதும் அட்டை சுருண்டு
குடித்ததைக் கக்கி விழும்.
"உப்பு தண்ணிய இழுத்துருமே. மூஞ்சி காஞ்சி போகாதா?"

இதில் தண்ணீரைப் பிடித்துவைப்பது சங்கிலி,
சோடியம் கூட வந்த ஆள்.
ஆனால் முகம் கழுவி, ஈரம் துடைக்காமல் பூசு,
மேலே கொஞ்சம் கிரீம்.
காய்ந்த முகத்தில் பூசினால்
இந்தக் காற்றில் அது உன்னிடமே கடன் கேட்கும்.

"உப்புதான் சின்னதாம், ஆழமா போகுமாம்,
வீடியோவுல சொன்னாங்க."

அது பேரைப் பார்த்துச் சொல்வது.
அமிலத்தையும் குட்டையாக வெட்டலாம்,
உப்பையும் நெடுக விட்டுவைக்கலாம்.
எவ்வளவு தூரம் போகும் என்பது நிறையில்.
நிறையை இரண்டு குப்பியிலும் எழுதவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.
நிறையும் பேரும் அவளுக்கு
நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.
பதினெட்டுக் கிலோவுக்கு இரண்டு குறைந்தால்
அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்.
காலை ஏழிலிருந்து சரிவில் நின்றது
துண்டில் பாதி நாளாக விழும்.
அங்கே தராசைப் பார்த்துப் பேர் போடுகிறார்கள்.
இங்கே பேரைப் போட்டுவிட்டுத்
தராசை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு பையிலிருந்து நாலாய் மடித்த தாள்.
கண்டியில் எலும்பு டொக்டர் எழுதியது:
வலது முழங்கால், ஊசி, மூன்று.
மருந்து: சோடியம் ஹையலூரோனேட்.
"இதேதானே அக்கா?
இத முட்டியில தேச்சா?"

இதேதான்.
தேய்த்தால் எட்டாது.
ஊசியின் விலையைச் சொன்னேன்.
எல்லா முழங்காலும் அதற்குக் கேட்பதில்லை என்பதையும்
மறைக்காமல் சொன்னேன்.
உடம்புக்குள் அது அமிலமாகவே இருப்பதில்லை என்பதை,
ஐதரசன் எப்போதோ இறங்கிப் போய்விட்டது என்பதை,
இருபத்தாறு வருஷம் கூடையோடு ஏறி இறங்கி
மூட்டுக்குள் நீர்த்துப் போனதும்
லேபலில் இருக்கும் இந்தப் பொருள்தான் என்பதை
சொல்ல வாயெடுத்து,
கல்குலேட்டரை அழுத்தினேன்.

கொழும்புக் குப்பி பைக்குள் போனது,
உடைத்ததை அந்தக் கடை திருப்பி எடுக்காது.
எங்கள் குப்பிக்குக் கசங்கிய நோட்டுகளை எண்ணினாள்.
"பில்லுக்கு என்ன பேர்?"
"ஞானசௌந்தரி."
"உன் பேரா?"
"அம்மா பேரு. முட்டிக்கு இல்லக்கா,
மூஞ்சிக்குத்தான்.
பவுடர் தவிர ஒன்னும் போட்டதில்ல அது."
மஸ்கெலிய பஸ் ஹோர்ன் அடித்தது.
"முழுப்பேரா போடுங்க."

பெரியண்ணன் ஞானசௌந்தரி என்று
கோடு முழுக்க எழுதினேன்.
மருந்தின் பேருக்கு
இடம் போதவில்லை.